கிளிங்கருக்குத் தமிழ்: சாம்பற்கட்டியா, சாம்பற்கிட்டமா?

> எண்ணெய்க் கொதிகலனுக்குப் பதில் வைக்கோல், உமி, மரத்தூள் எரிக்கப்போகும் கட்டடங்களுக்கான கையேடு இது. எரிபொருள் எரியும் தட்டில் சாம்பல் உருகி இறுகுவதை, அதாவது கிளிங்கரை, 'சாம்பற்கட்டி' என்று போடலாமா?

வேண்டாம். ஈரம் பட்ட சாம்பலும் கட்டியாகும். விரலால் நசுக்கினால் உதிர்ந்துவிடும். கிளிங்கர் உருகிக் கண்ணாடிபோல் இறுகியது. கம்பி போட்டுத்தான் பெயர்க்க முடியும். கொல்லுலையில் இரும்பிலிருந்து பிரிவதைக் 'கிட்டம்' என்கிறோமே, அந்த இனம். 'சாம்பற்கிட்டம்' என் முன்மொழிவு. வினையும் எளிதாக வரும்: தட்டில் கிட்டம் கட்டுகிறது.

> கிட்டம் இன்று யாருக்குப் புரியும்? கிளிங்கர் என்றே விடலாமே.

சிமெண்டு ஆலையில் கிளிங்கர் என்பது வேண்டி உருவாக்கும் பொருள். இங்கே அது தொல்லை. ஒரே சொல் இரண்டுக்கும் ஆகாது.

> 'சாம்பல் மிகுந்த எரிபொருளில் உண்டாவது' என்று வரையறுக்கலாமா, ஐயா?

அங்கேதான் பிழை வரும். உமியில் சாம்பல் 15 முதல் 20 விழுக்காடு, கோதுமை வைக்கோலில் ஏறக்குறைய 5. ஆனாலும் முதலில் கிட்டம் கட்டுவது வைக்கோல்தான். உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. பொட்டாசியம் குறைவு, எளிதில் உருகாது. வைக்கோலில் இரண்டும் சேர்ந்திருப்பதால் 800–900 செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கிட்டம் தட்டின் காற்றுத்துளைகளை அடைக்கும். அடைபட்ட பக்கம் புகையும், திறந்த பக்கம் காற்று குவிந்து சூடேறி இன்னும் உருகும். நகரும் தட்டு, புகைவளியில் ஒரு பகுதியைத் திருப்பி விடுவது, எரிபொருளில் சிறிது கயோலின் களிமண் சேர்ப்பது மூன்றும் பயன்படும். மழையில் நனைந்து வெளுத்த வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் கரைந்து போயிருக்கும். காயவைத்து எரித்தால் தொல்லை குறைவு. ஆகவே 'சாம்பல் உருகி இறுகிய திரள்' என்பதோடு வரையறையை நிறுத்துவோம்.

> கொதிகலன் குழாய்களில் ஒட்டுவதும் கிட்டம்தானே?

இல்லை, அது 'படிவு'. பொட்டாசியம் குளோரைடு ஆவியாகி, குளிர்ந்த குழாய்மேல் உறைந்து சாம்பலையும் பிடித்துவைக்கிறது. பெரும்பாலும் தூரிகைக்கே வந்துவிடும். விட்டுவைத்தால் குழாயை அரிக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பராமரிப்பவர் குழாயைத் துலக்கிக்கொண்டிருப்பார், தட்டு அடைந்து கிடக்கும்.

> மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்யும் எரிபொருளான பெல்லட்டுக்கு 'வில்லை' சரியா?

வில்லை தட்டையானது. இது பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. விட்டமுள்ள உருளை. உரம், பூச்சிமருந்தில் புழங்கும் 'குறுணை' பொருந்தும்: எரிகுறுணை. அப்படியே வரைவின் அட்டவணையையும் திருத்துங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு கிலோ போதாது, மரக்குறுணை 2 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். அதை வைக்க எண்ணெய்த் தொட்டியைப்போல் மூன்று மடங்கு இடமும் வேண்டும்.