14 கி.மீ. பயிற்சியோடு 42 கி.மீ. போன கதை: உங்கள் முதல் மாரத்தான் எப்படி?

வேளச்சேரி வாத்து:

ஆகஸ்ட் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே இருந்தவர் ஜனவரி மாரத்தானில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், தான் அரை மாரத்தான் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு தயிர்சாதத்தைச் சாப்பிட்டிருக்கலாம். "போறதுன்னு ஆச்சு, முழுசாப் போயிட வேண்டியதுதானே" என்றேன். டப்பாவை மூடுவதற்குள் என் போனிலேயே பதிவு செய்து, பணமும் கட்ட வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் கடைசியில் வரவேயில்லை, அது வேறு கதை.

18 வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீள ஓட்டம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக 30, 32 கி.மீ. வரை ஏற்ற வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்துக்கொண்டு காலுக்கு ஓய்வு. நான் மூன்று வாரம் ஒழுங்காக ஓடினேன். அப்புறம் தீபாவளி, அப்புறம் தங்கைக்கு வளைகாப்பு, அப்புறம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஓடாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆக, நான் ஓடியதிலேயே அதிக தூரம் 14 கி.மீ. பெசன்ட் நகர் கடற்கரையில், நடுவில் ஒரு சுண்டல் பொட்டலத்தோடு.

போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனைவிதான், "பணம் கட்டியாச்சு, டீ-ஷர்ட்டும் வந்தாச்சு. போயிட்டு வாங்க. முடியலேன்னா ஒரு ஆட்டோ புடிச்சு வந்துடுங்க" என்றாள்.

நேப்பியர் பாலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பம். அந்த இருட்டில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே திரும்பினாலும் வலித் தைலத்தின் வாசனை. நிறையப் பேர் பனியனுக்குள் கையை விட்டு மார்புக் காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு இப்படி என்று மனதுக்குள் சிரித்தேன். எதற்கு என்று 25-ஆவது கிலோமீட்டரில் தெரிந்தது. என்னுடைய பருத்தி டீ-ஷர்ட் வியர்வையில் ஊறி, உப்புத்தாள் போலத் தேய்த்துத் தேய்த்து, முன்பக்கம் இரண்டு சிவப்புக் கோடு வழிந்திருந்தது. எதிரே வந்த ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

அதற்கு முன்னால் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர், தலையில் ஈரத்துண்டு. மெரினா தாண்டுவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். அவருடைய கைக்கடிகாரம் கீச் என்றது, நடந்தார். மறுபடி கீச், ஓடினார். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்க ஓட்டக்காரர் பரப்பிய முறை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

"தம்பி, முதல் தடவையா?"

"ஆமா சார்."

"நீள ஓட்டம் எத்தனை போனீங்க?"

"பதினாலு சார்."

"பரவாயில்லையே, பதினாலு தடவை போயிருக்கீங்க!"

"இல்ல சார். பதினாலு கிலோமீட்டர்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என் கூடவே வாங்க. நான் நடக்கறப்ப நீங்களும் நடங்க" என்றார். தலையாட்டினேன். கலங்கரை விளக்கம் வந்தபோது உடம்பு பறந்துகொண்டிருந்தது. நல்ல காற்று, இருட்டு, முன்னும் பின்னும் ஆட்கள். கடிகாரம் கீச் என்றதும் அவர் நடந்தார், நான் நிற்கவில்லை.

சாந்தோம், அடையாறு பாலம், திருவான்மியூர். பாதித் தூரம் 2 மணி 25 நிமிடத்தில். ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இடது கைப்பக்கம் வீடுகளின் சந்துகளில் வெளிச்சம் வந்தபோது, பயிற்சி எல்லாம் சும்மா பயமுறுத்தல் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன்.

கணக்கு தெரிந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். நான் 72 கிலோ, ஆக 42 கி.மீ.க்கு 3,000 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தாக இருக்கும் கையிருப்போ சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மாதக்கணக்கில் ஓடிப் பழகிய உடம்பு ஆரம்பத்திலிருந்தே கொழுப்பையும் சேர்த்து எரித்துக் கையிருப்பை நீட்டித்துக்கொள்ளும். பழகாத உடம்பு, அதுவும் எகிறி ஓடினால், இருந்ததை எல்லாம் காலி செய்துவிட்டு 28, 30-இல் நிற்கும். ஓடுகிறவர்கள் இதைத்தான் ‘சுவர்’ என்கிறார்கள். எனக்கு அது சுவராக வரவில்லை. வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எப்படி இருக்கும், அந்த மாதிரி வந்தது. கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, தள்ளுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

29-இல் ஓர் இளநீர்க் கடை. கடைக்காரர் அப்போதுதான் குலைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். கேட்கக்கூட இல்லை, அவரே ஒன்றைச் சீவி நீட்டினார். குடித்து முடித்த பிறகுதான் காசு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போனும் பர்சும் நண்பனின் பையில்.

"இப்படி ஓடறதுக்கு எவ்ளோ தராங்க?" என்றார்.

"யாரும் தரல. நாங்கதாங்க கட்டியிருக்கோம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். இன்னொரு இளநீரை எடுத்துச் சீவினார். "இதையும் குடி. காசு அப்புறம் குடு."

31-இல் பின்னால் கீச் என்று சத்தம். திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. பெரியவர் என்னைத் திட்டுவார், ‘சொன்னேனே’ என்பார் என்று நினைத்தேன். இடுப்புப் பையைத் திறந்து கடலைமிட்டாயை உடைத்துப் பாதியைக் கொடுத்தார். "இனிமே ஓட வேணாம். நடந்தாலும் முடிஞ்சிடும்" என்றார். கீச். போய்விட்டார்.

மீதி 11 கி.மீ. பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளக்குக் கம்பம் எண்ணினேன். மூன்று கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். பிறகு ஐந்து கம்பம் நடை. பிறகு எண்ணவே இல்லை. எட்டு மணிக்கு மேல் ஈ.சி.ஆரில் நிழல் கிடையாது. தன்னார்வலராக நின்ற பள்ளிப் பையன் ஒருவன் எலுமிச்சைத் துண்டில் உப்பைத் தொட்டு நீட்டி, "அங்கிள், அப்படியே நக்குங்க" என்றான். அந்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

6 மணி 11 நிமிடம். பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பெண் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை, முட்டி மடங்கவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறுவதில் கஷ்டமில்லை. மறுநாள் இறங்கும்போதுதான் தொடையில் கத்தி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நாலு நாள் இறங்கினேன். கீழ்வீட்டுப் பாட்டி தினமும் வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு கால் நகம் கறுத்து, பிப்ரவரியில் விழுந்தது.

நான் முடித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஓடினேன் என்று இன்றுவரை சொன்னதில்லை. உங்களுக்கு எப்படி?

மாட்டுங்கா மாமி:

எனக்கு மும்பையில். ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டிக் கொடுத்துக் கிடைத்த இடம், அதனால் விட்டுவிடவும் மனசு வரவில்லை. பயிற்சியில் நான் உங்களைவிடக் கொஞ்சம் தேவலை, 18 கி.மீ. வரை போயிருந்தேன். ஆனால் முட்டாள்தனத்தில் உங்களை மிஞ்சிவிட்டேன். முதல் நாள் எண் அட்டை வாங்கப் போன இடத்தில் தள்ளுபடியில் புது ஷூ வாங்கி, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு ஓடினேன்.

சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் ஆரம்பம். மரைன் டிரைவ், அப்புறம் பெடார் ரோடு ஏற்றம். விடிவதற்கு முன் குளிரில் அது ஏற்றமாகவே தெரியாது. பாந்த்ரா–வொர்லி கடல்பாலத்தில் மற்ற நாளில் கால் வைக்க விடமாட்டார்கள், அன்று நாம் நடுரோட்டில் ஓடலாம். அந்தச் சந்தோஷத்தில் குதிகாலில் கொப்புளம் உடைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது அதே பெடார் ரோடு, இப்போது 35-ஐத் தாண்டிய காலோடு, வெயிலில். அந்த ஏற்றத்தை வகுத்தவரை நான் தமிழிலும் இந்தியிலும் திட்டினேன். ஆனால் அந்தத் தெருக்காரர்களைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தட்டு, வீட்டுக் கிண்ணம், ஆரஞ்சுச் சுளை, சிக்கி, பிஸ்கட், உப்பு. ஒரு குஜராத்திப் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, சுளையை என் கையில் தராமல் நேராக வாயிலேயே ஊட்டிவிட்டார், பேத்திக்கு ஊட்டுகிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியா, பாட்டியா என்று தெரியவில்லை.

5 மணி 52 நிமிடம். அந்த ஷூவை வாட்ச்மேன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சரியாக இருக்கிறதாம்.

பாதியில் நின்றவன்:

நீங்கள் எல்லாம் முடித்தவர்கள். நான் 33-இல் நின்றேன், பெங்களூரில். சுவரும் இல்லை, கொப்புளமும் இல்லை, தண்ணீர்.

அதிக தூரம் ஓடிப் பழக்கமில்லாததால் நா வறண்டுவிடுமோ என்று ஒரே பயம். ஒரு தண்ணீர் மேஜையையும் விடவில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு கப், எல்லாம் வெறும் தண்ணீர். 30-ஐ நெருங்கும்போது தலைவலி, குமட்டல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடித்தேன்! விரல் வீங்கிக் கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மருத்துவக் கூடாரத்தில் இருந்த டாக்டர் முதலில் பார்த்தது அந்த மோதிரத்தைத்தான். "எத்தனை தடவை யூரின் போனீங்க?" என்றார். ஒரு தடவைகூடப் போகவில்லை. "நம்பரைக் கழட்டுங்க" என்றார்.

மெதுவாக, ஐந்து ஆறு மணி நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். உப்பு வியர்வையில் போய்க்கொண்டே இருக்கும், மேலே மேலே வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் விடு, உப்புச் சேர்த்துக்கொள் என்றுதான் அவர் சொன்னார். வாத்து, அந்தப் பள்ளிப் பையனின் எலுமிச்சைத் துண்டு உங்களுக்கு ருசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன், இன்னும் ஒன்பது கிலோமீட்டர்தானே என்று. மோதிரம் மறுநாள் சாயங்காலம்தான் கழன்றது.

பழைய பேப்பர்:

வாத்தின் வீட்டம்மா சொன்ன ஆட்டோ யோசனையை 1904-லேயே ஒருவர் செய்து பார்த்துவிட்டார். செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிரெட் லோர்ஸ் என்ற அமெரிக்கர் நடுவில் களைத்துப்போய் காரில் ஏறி 18 கி.மீ. போல வந்து, பிறகு இறங்கி ஓடி முதலில் கோட்டைத் தாண்டினார். கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகுதான் குட்டு உடைந்தது.

எனக்குப் பிடித்தவர் அதே பந்தயத்தில் ஓடிய கியூபாத் தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால். வழியில் நியூ ஆர்லியன்ஸில் சூதாடிக் காசை எல்லாம் தொலைத்துவிட்டு, எப்படியோ வந்து சேர்ந்தார். தெருவில் போடும் ஷூ, முழுக்கால் சட்டை. பக்கத்தில் இருந்தவர் கத்தரிக்கோல் தேடி முட்டியோடு வெட்டிவிட்டார். புழுதி, கடும் வெயில், குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே அபூர்வம். அது ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்றே செய்தது. நம் ஆள் பசி தாங்காமல் ஒரு தோட்டத்தில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படுத்துத் தூங்கியும் இருக்கிறார். புறப்பட்டது 32 பேர், முடித்தது 14 பேர். தூங்கி எழுந்து ஓடிய தபால்காரர் நாலாவது!

எல்லாம் சரி, அந்த இளநீர்க்காரருக்குக் காசு கொடுத்தீர்களா இல்லையா?

வேளச்சேரி வாத்து:

பொங்கல் லீவில் பைக்கில் போனேன். கடை அதே இடத்தில்தான் இருந்தது. அன்றைக்கு ரெண்டு இளநீர் கடன் வைத்தேன், ஓட்டப் பந்தயத்தில் வந்தவன் என்றேன். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

"அன்னிக்கு நெறைய பேரு அப்படித்தான் வந்தாங்க. நீ எந்த ஆளு?"

மார்பில் விரலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன்.

"அட, அந்த ரத்தக் கேஸா!" என்று சிரித்தார். காசை வாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைச் சீவினார். அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்.