சர்வீஸ் விட்டு எடுத்ததுல இருந்து ஐடிலிங் ஏறி இறங்குது

மதுரைக்காரன்: 2014 பெட்ரோல் வண்டி, போன வாரம் தெரிஞ்ச கராஜ்ல த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள காத்து போற வால்வு) க்ளீனிங், ஏர் ஃபில்டர் மாத்தி எடுத்தேன், 3800 ஆச்சு. மறுநாளே சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் 700ல இருந்து 1500க்கு ஏறுது இறங்குது, இன்ஜின் லைட்டும் எரியுது. கேட்டா "அது பழைய ப்ராப்ளம் சார், இன்ஜெக்டர் மாத்தணும்"ங்கறாரு. முன்னாடி இந்த வண்டி பூனை மாதிரி இருந்துச்சுங்க!

ஸ்பேனர்: இன்ஜெக்டர்ல கை வைக்காதீங்க. ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோட் பாருங்க, பி0171 வந்தா காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு அர்த்தம், த்ராட்டிலைக் கழட்டி மாட்டுனதுக்கப்புறம்னா பெரும்பாலும் எங்கயோ ஹோஸ் சரியா உக்காரலை. பானட்டைத் திறந்து ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து த்ராட்டில் வரைக்கும் கையால தடவிப் பாருங்க, புஸ்ஸுனு சத்தம் கேக்கும். ஃபேன் பக்கம் விரல் போகாம பாத்துக்கோங்க.

கோவை_அண்ணாச்சி: ஹோஸ் சரியா இருந்தா ஐடில் ரீலேர்ன் (வண்டி கம்ப்யூட்டருக்கு ஐடில் செட்டிங்கைத் திரும்பக் கத்துக்குடுக்கறது) பண்ணாம விட்டிருப்பாங்க, சில வண்டிக்கு க்ளீனிங் முடிஞ்சா அது கட்டாயம். பில் இருக்கா தம்பி? வாய்ல பேசாம வாட்ஸப்ல வீடியோ அனுப்பிட்டுப் போங்க. மசியலைன்னா 1915க்கு போடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன்.

மதுரைக்காரன்: ஸ்பேனர் அண்ணே, நீங்க சொன்னதுதான்! சின்ன வேக்கம் ஹோஸ் ஒண்ணு மாட்டாமலே தொங்குது, அதோட க்ளிப் பேட்டரி ட்ரேல கிடக்கு. மாட்டுனேன், 750ல நிக்குது. லைட் மட்டும் இன்னும் எரியுது.

ஸ்பேனர்: ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க, தானா அணையும், இல்லைன்னா ஸ்கேனர்ல அந்த ஃபால்ட் கோட அழிச்சிடுங்க. அந்த க்ளிப்பை போட்டோ எடுத்தீங்களா?