ஒற்றைக்குழல் துவக்கின் சோங்கு வெடித்துவிட்டது: வெளிநாட்டில் எடுப்பதா, இங்கே செய்விப்பதா?

தம்பலகாமத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தம்பலகாமத்தில் வயல் இருக்கிறது. அப்பா பன்றிக்காவலுக்கு வைத்திருந்த 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இப்போது என் பெயரில், பயிர்ப் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தோடு இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வகை.

போன போகத்தில் கதிர் முற்றுகிற நேரம் பன்றி இறங்கியது. விரட்ட ஒரு வெடி வைத்தேன். வைத்த கையோடு உள்ளங்கையில் சுரீர் என்றது. வாடிக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், சோங்கு, அதாவது தோளில் வைக்கிற மரப்பிடி, கை பிடிக்கிற ஒடுக்கமான இடத்தில் வெடித்திருக்கிறது. மரத்தின் மேல் பின்னோக்கி நீண்டு கிடக்கிற இரும்பின் மேல்நாக்கு முடிகிற இடத்தில் தொடங்கி, சரிவாகக் கீழே ஓடுகிறது. வெடி வைத்தபோது அந்த விரிசல் திறந்து மூடியதில் என் தோலைக் கவ்வியிருக்கிறது. இரும்பை ஒட்டிய மரம் கன்னங்கரேல் என்று எண்ணெய் ஊறிக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு துவக்கைத் தொடவில்லை. புதுச் சோங்கு போடத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்துத் தளங்களில் வால்நட் மரத்தில், இரும்பு உட்காருகிற குழியை முழுக்கப் பொளிந்தது, பாதி பொளிந்தது என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். எதை ஓர்டர் பண்ணுவது? மச்சான் ஒருவர் பிளாஸ்டிக் போடச் சொல்கிறார். எனக்கு அதில் மனமில்லை. இன்னொன்று, அப்பாவை விட எனக்குக் கை நீளம். அந்தத் துவக்கைத் தோளில் வைத்தால் எப்போதும் மூக்குக்குப் பக்கத்தில் பெருவிரல் வந்து நிற்கும். புதிதாகப் போடுவதென்றால் அதையும் சரிசெய்யலாமா?

மூதூரான், ரொறன்ரோ:

தம்பி, நான் இங்கே நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவன். என்னிடம் இருப்பது ரெமிங்டன் 700 ரைபிள். அதற்குச் சோங்கு மாற்றிய அனுபவத்தைச் சொல்கிறேன். உங்கள் துவக்குக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெமிங்டன் 700 1962இலிருந்து வருகிற ரைபிள். அதற்குச் சோங்கு செய்கிறவர்கள் ஏராளம். அப்படிப்பட்டதற்கே ஓர்டர் போடுமுன் ஒரு கட்டுக் கேள்வி கேட்பார்கள். தோட்டா ஏறுகிற இரும்புப் பொறி, அதுதான் அக்‌ஷன், நெட்டையா, குட்டையா? அடியில் கதவு திறக்கிற பிடிஎல்லா, கதவில்லாத ஏடிஎல்லா? குழல் மெல்லிசா, தடிப்பா? வலக்கையா, இடக்கையா? ஒன்று பிழைத்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நான் எடுத்தது போய்ட்ஸ் செய்கிற ஒட்டுப்பலகைச் சோங்கு. மெல்லிய தகடுகளை ஒட்டி அழுத்தியது என்பதால் மழையிலும் பனியிலும் முறுக்காது. பாரம் கொஞ்சம் கூட.

"அப்படியே போட்டு முடுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருக்கும். போட்டு முடுக்கலாம்தான். ஆனால் குறி ஒரே இடத்தில் விழ வேண்டுமென்றால் இரும்பு உட்காருகிற இடத்துக்கு எபொக்சி படுக்கை போட வேண்டும், முடுக்காணி போகிற துளைகளில் அலுமினியக் குழாய் வைக்க வேண்டும், குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள் தடையில்லாமல் ஓட இடம் விட வேண்டும். ரைபிள் என்பதால்தான் இவ்வளவு பாடு. உங்கள் சொட்கன்னுக்குக் குழல் மிதக்க வேண்டியதில்லை, அந்தக் கவலையை விடுங்கள்.

ஆனால் ஒன்று. பழைய இங்கிலாந்து ஒற்றைக்குழல் துவக்குகளில் பல, கையால் அரம் போட்டுப் பொருத்தியவை. ஒரே கம்பனியில் செய்த இரண்டு துவக்கின் சோங்கை மாற்றிப் போட்டால்கூடச் சேராது. முழுக்கப் பொளிந்தது என்று வருவது உங்கள் இரும்புக்கு ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் சந்தோடும்தான் நிற்கும். இறுக்கமென்றால் சீவலாம், சந்து விழுந்தால் மரத்தை வளர்க்க முடியாது. எடுப்பதென்றால் பாதி பொளிந்ததையே எடுங்கள்.

அளவு பற்றி: விசையிலிருந்து சோங்கின் அடிவரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம். ரைபிளுக்குப் பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலம், சொட்கன்னுக்குப் பதினான்கு, பதினான்கரை. நாங்கள் தடித்த ஜக்கட் போடுவதால் இங்கே இன்னும் குறைத்து வைப்போம். நீங்கள் பனியனோடு வயலில் நிற்கிறவர், உங்களுக்கு நீளம் தாங்கும்.

உவர்மலையிலிருந்து:

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. துவக்கின் பாகம் என்று எழுதி வெளிநாட்டிலிருந்து பொதி வந்தால், மரத்துண்டாக இருந்தாலும் சுங்கத்தில் நிற்கும். அனுமதி கையில் இல்லாமல் காசு கட்ட வேண்டாம். முதலில் அனுமதிப்பத்திரம் எடுத்த இடத்தில் எழுத்தில் கேளுங்கள். ஆண்டுப் புதுப்பிப்புக்குப் போகிறபோதே துவக்கையும் சோங்கு வெடித்திருப்பதையும் சொல்லி வையுங்கள்.

இங்கே செய்விப்பதென்றாலும் அதே கதைதான். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில். துவக்கைத் தச்சன் வீட்டில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி ஆபத்து. துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டினது, பழையது என்று யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது, இன்றும் அதுதான் அடிப்படை. இரும்பில் கைவைக்கிற வேலை இருந்தால் அனுமதி பெற்ற திருத்துநரிடம்தான்.

நிலாவெளி ஓடாவி:

தம்பி, நான் படகு கட்டுகிறவன். இப்போது எல்லாம் ஃபைபர் வள்ளம் என்றாலும் மரம்தான் என் தொழில். துவக்குச் சோங்கும் செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் பதிவை வாசித்தவுடனே எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் எல்லோரும் என்ன சோங்கு வாங்குவது என்று பேசுகிறார்கள். பழையது ஏன் வெடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது தெரியாமல் எந்த நாட்டு வால்நட்டை வாங்கிப் போட்டாலும் அதுவும் அதே இடத்தில்தான் வெடிக்கும்.

நீங்கள் சொன்ன இரண்டு அடையாளம் போதும். விரிசல் மேல்நாக்கின் நுனியில் தொடங்குகிறது, இரும்பை ஒட்டிய மரம் கறுத்திருக்கிறது. அப்பா துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசி, அலமாரி மூலையில் குழல் மேலே இருக்க நிமிர்த்தி வைத்திருப்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூசிய எண்ணெய் வருடக்கணக்காக இரும்பு வழியே இறங்கிச் சோங்கின் தலையில் ஊறுகிறது. ஊறிய மரம் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகிவிடும். இதற்கு மேல் எங்கள் கச்சான் காற்று. மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், பிறகு ஒக்டோபரில் மழை. மரம் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, சோங்கை இரும்போடு பிடித்து வைக்கிற, உள்ளே இருக்கிற நீட்டுப் போல்ட் தளர்ந்துபோகும். போல்ட் தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் வந்து மரத்தில் மோதும். மேல்நாக்கின் நுனிதான் முதலில் படுகிற இடம். விறகுக்கு ஆப்பு வைத்து அடிக்கிற வேலையைத்தான் அது செய்கிறது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இது. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். சோங்கின் அடித்தகட்டில் இரண்டு முடுக்காணி இருக்கும், கழற்றுங்கள். உள்ளே ஆழத்துக்கு ஒரு துளை தெரிந்தால் உங்களது நீட்டுப் போல்ட் வகை. நீட்டு ஸ்குரூட்ரைவரை விட்டுத் திருப்பினால் சோங்கு தனியே வந்துவிடும். துளை இல்லையென்றால் மேல்நாக்கிலும் கீழேயும் முடுக்காணி போட்ட வகை, அதை நீங்கள் தொட வேண்டாம், திருத்துநரிடம் கொண்டு போங்கள். ஒத்த அளவில்லாத ஸ்குரூட்ரைவரால் திருப்பி முடுக்காணித் தலையின் வெட்டுகளைச் சிதைத்துவிட்டால் பிறகு யாராலும் கழற்ற முடியாது.

தனியே வந்த சோங்கின் கறுத்த இடத்தில் நகத்தை வைத்து அழுத்துங்கள். நகம் பதிந்தால் அந்த மரம் போய்விட்டது. பசை பிடிக்காது, புதிதுதான். பதியவில்லை, மரம் இன்னும் உறுதி என்றால், அசற்றோனும் வெண்கட்டித் தூளும் குழைத்துப் பூசிக் காயவிட்டுத் தட்டி, திரும்பப் பூசி, எண்ணெயை வெளியே இழுத்துவிட்டு எபொக்சி போட்டு ஒட்டலாம். குறுக்கே ஒரு பித்தளைக் கம்பியும் வைக்கலாம். வள்ளத்துக்குப் பூசுகிற பொலியெஸ்டர் ரெசினை மட்டும் யாரும் சொன்னார்கள் என்று போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சுருங்கும், எண்ணெய் மரத்தில் பிடிக்கவே பிடிக்காது. எபொக்சி வேறு, அது வேறு.

இனி, புதிது செய்வதென்றால் எந்த மரம்? தேக்கு வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் அடி தாங்குகிற இடத்தில் பிளக்கும். முதிரை நல்ல உறுதி, ஆனால் வால்நட்டைப் போல ஒன்றரை மடங்கு பாரம், துவக்கு பின்னால் சாயும். என்னைக் கேட்டால் ஹல்மில்ல. எங்கள் பக்கத்து மரம். வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைத் துறையிலிருந்து ஏற்றிப் போனதால் வெளிநாட்டு மரப் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. படகுக்கும் பீப்பாவுக்கும் வண்டிக்கும் அதைத்தான் தேடினார்கள், காரணம் அது வளைந்து கொடுக்கும், அதிர்வைத் தாங்கும். சோங்குக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். வால்நட்டை விடக் கொஞ்சம் பாரம், அது உதைப்பைக் குறைக்கும்.

மரத்தை மரக் கூட்டுத்தாபனத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள், அல்லது பழைய வீடு பிரித்த உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள், காய்ந்து முறுகியிருக்கும். 18 அங்குல நீளம், 6 அகலம், 2 தடிப்பு போதும். அதில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: பழைய சோங்கை மேலே வைத்துக் கோடு கீறி, கை பிடிக்கிற ஒடுக்கத்தில் இழை நீளவாட்டில் தலைப்பக்கம் வரைக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் இழை எப்படிச் சுழன்றாலும் பரவாயில்லை, அங்கே அழகுக்கு விடலாம். ஒடுக்கத்தில் குறுக்கே வெட்டிப் போனால் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொளிக்கிற வேலையில்தான் கைத்திறன். இரும்பில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூச வேண்டும். மரத்தில் வைத்து மெதுவாகத் தட்டி எடுத்தால் முட்டுகிற இடம் கறுப்பாகத் தெரியும். அதை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும், திரும்பப் பூச வேண்டும், திரும்பத் தட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலைதான், அவசரப்பட்டால் கெட்டுப்போகும். இரும்பின் பின்பக்கம் முட்டுகிற மரத்தின் இரண்டு பக்கத் தோள்களும் ஒரே சமயத்தில் கறுப்புப் பிடித்தால்தான் இரும்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மேல்நாக்கின் நுனிக்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்ட் நுழைகிற அளவு வெளி விட வேண்டும். பார்க்கிறவர்கள் வேலை சுத்தமில்லை என்பார்கள், சொல்லட்டும். உதைப்பை மரத்தின் தோள்கள் தாங்க வேண்டும், நாக்கு தாங்கக் கூடாது. உங்கள் பழைய சோங்கில் அந்த வெளி இருக்காது, இருந்தாலும் மூடியிருக்கும்.

தம்பலகாமத்தான்:

ஐயா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். நீட்டுப் போல்ட்தான். அதைக் கையாலேயே சுற்ற முடிந்தது, அவ்வளவு தளர்வு. நகமும் பதிகிறது. ஆகவே புதிதுதான். கச்சேரியில் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன், உவர்மலை ஐயாவுக்கு நன்றி. ஓடாவி ஐயா, துவக்கைக் கொண்டுவராமல் நீங்கள் பொருத்த முடியுமா? நீளம் எவ்வளவு கூட்டலாம்?

நிலாவெளி ஓடாவி:

துவக்கை விட்டுவிட்டுப் போக வேண்டாம். கச்சேரியில் சரி என்றால், பத்திரத்தோடு நீங்களே கொண்டுவந்து பக்கத்தில் இருங்கள், மாலையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிவடிவத்தை நான் பழைய சோங்கைப் பார்த்து முன்கூட்டியே சீவி வைப்பேன், இரும்பு வேண்டியது பொளிக்கிற நேரம் மட்டும்தான். திருத்துநர் ஒருவர் கிடைத்தால் அவர் கடையில் வைத்தே செய்வோம், இன்னும் நல்லது.

நீளத்துக்கு, முழங்கையை மடித்துச் சோங்கை அதன் உட்புறத்தில் வைத்து விசையில் விரல் எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அது ஒரு மட்டக் கணக்குதான். அதை விட, பெருவிரலுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வர வேண்டும் என்று வையுங்கள். அப்பாவின் சோங்கு எத்தனை அங்குலம் என்று அளந்து அனுப்புங்கள். நான் முதலில் அரை அங்குலம் கூட்டிச் செய்வேன், கூடினால் அறுக்கலாம். சோங்கின் மேல்விளிம்பின் சரிவையும் அளந்து பாருங்கள்: குழலின் மேல் நேர்மட்டம் ஒன்றை வைத்து, கன்னம் படுகிற முன்நுனியில் எவ்வளவு கீழே, அடியில் எவ்வளவு கீழே என்று இரண்டு கணக்கு. பொதுவாக ஒன்றரை, இரண்டேகால் என்று வரும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய்தான், வார்னிஷ் வேண்டாம். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, காயவிட்டுத் திரும்பத் தேய்க்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள். புதுச் சோங்கு போட்ட பிறகு துவக்கைக் குழல் கீழே இருக்க, வாய்க்கு அடியில் துணி வைத்து நிறுத்துங்கள், எண்ணெய் மரத்துக்கு வராது. முதல் கச்சான் முடிந்ததும் போல்ட்டை ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள்.