பூங்கா நிர்வாகிகள் மாநாடு: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன், இயற்கைப் பூங்கா ஒன்றில் வேலை. பாதுகாக்கப்பட்ட காடு, சதுப்புநிலங்களைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிகள் கூடும் மாநாட்டுக்கு இந்த முறை என்னை அனுப்புகிறார்கள். 2022இல் கோத்தா கினபாலுவில் நடந்த ஆசியப் பூங்காக்கள் மாநாட்டுக்குப் போன அண்ணன், அக்கா யாராவது இங்கே உண்டா? மேடைப் பேச்சு இருக்கட்டும், தேநீர் இடைவேளையில்தான் காரியமே நடக்குமாம். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? நேம் கார்டு போதுமா?

அப்புறம், சிலாங்கூர் ஆற்று மின்மினிகளைப் பற்றி அங்கே பேச நினைக்கிறேன். அவை மின்னும் பெரெம்பாங் என்ற ஆற்றோரச் சதுப்பு மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. மின்மினியின் புழுக்கள் வளர்வது கரையோர ஈரமண்ணில், நத்தைகளைத் தின்று. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் கரைவரை வந்துவிட்டால் அவற்றுக்கு ஏது இடம்? ஆற்றோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் பழைய கரைப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் சரி.