லேப்டாப் கொதிக்கிறது: சரிசெய்வதா, மாற்றுவதா?

வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப் 2017-இல் வாங்கியது. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ராம். டேலி கணக்கு மென்பொருளும் நாலு குரோம் டேபும் திறந்தாலே 95 டிகிரியைத் தொட்டு, ஆமை வேகத்துக்கு வந்துவிடுகிறது. மடியில் வைக்கவே முடியாது.

போன வாரம் அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்ததும் 85-க்கு இறங்கியது. இரண்டே நாள்தான், அப்புறம் பழைய கதை. பிராசசர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேஸ்டும் புது ஃபேனும் சேர்த்து 2,500 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர்.

செலவழிக்கலாம்தான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 11-க்கு இந்தப் பிராசசர் தகுதிப் பட்டியலில் இல்லை. ரிப்பேர் செய்து ஓட்டவா, 45,000-க்குள் புதிது வாங்கவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.