கலைச்சொல்: கான்ஃபெடரேட் = புனைபங்கேற்பாளர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சமூக உளவியல் பாடத்தில் வரும் கான்ஃபெடரேட் என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். ஆய்வாளரோடு முன்பே பேசிவைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலச் சோதனையில் பங்கேற்க வந்தவராக நடிப்பவர்தான் கான்ஃபெடரேட். உடந்தையாளர், கையாள், கூட்டாளி, உள்ளாள், போலிப் பங்கேற்பாளர் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொன்றையும் பாடத்துக்குள் வைத்துப் படித்துப் பார்த்தேன். எனக்குப் பட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகும் முன், அந்த ஆள் அறைக்குள் என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடலாம். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய கோட்டுச் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். கண் அளவு பற்றிய ஆய்வு என்று நம்பிக் கல்லூரி மாணவர் ஒருவர் வருகிறார். அவரைப் போலவே இன்னும் ஆறேழு மாணவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். நம் மாணவருக்கு வரிசையின் கடைசிப் பக்கம் இடம். முதல் சுற்றில் எல்லோரும் ஒரே விடை. இரண்டாம் சுற்றிலும் அப்படித்தான். மூன்றாம் சுற்றில் முதல் ஆள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், பார்த்தாலே தவறு என்று தெரிகிற கோட்டைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே. அதற்கு அடுத்தவரும் அதையே. நம் மாணவரின் முறை வருகிறது. அந்த வரிசையில் ஆய்வாளரின் ஏற்பாடு தெரியாதவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் கான்ஃபெடரேட்கள்.

மொத்தம் 18 சுற்று. அதில் 12 சுற்றில் அந்த மற்ற மாணவர்கள் கூடித் தவறு சொல்வார்கள். மீதியில் சரியாகச் சொல்வார்கள். எப்போதும் தவறு சொன்னால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? 123 பேரிடம் பார்த்ததில், அந்த 12 சுற்று விடைகளில் 36.8 விழுக்காடு கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிவிட்டன. தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறாத கோடுகள் அவை. ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒரு சுற்றில்கூட அசையவில்லை. பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

சொல்லுக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆஷ் அந்த ஆட்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் தவறு சொன்னால் அநேகமாகப் பாதிப்பே இல்லை. இருவர் என்றால் தவறு 13.6 விழுக்காடு. மூவர் என்றால் 31.8. கூட்டத்தில் ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தால், கூட்டத்தின் பலம் கால்வாசியாகக் குறைந்தது. ஆக, அந்த ஆட்கள்தான் இங்கே சாரா மாறி. அதாவது, ஆய்வாளர் திருகிப் பார்க்கிற திருகு அவர்கள்தான். ஒவ்வொரு மாணவர் முன்னாலும் அவர்கள் அதே விடையை அதே தொனியில் சொன்னால்தான் ஒருவர் விடையை இன்னொருவர் விடையோடு ஒப்பிட முடியும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

உடந்தையாளர் என்ற சொல்லை முன்பே ஒரு வகுப்பில் பயன்படுத்தி நான் பட்டிருக்கிறேன். தேர்வுத்தாளில் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: “ஆஷ் செய்த மோசடிக்கு ஆறு பேர் உடந்தையாக இருந்தனர்.” அவளைக் குறை சொல்ல முடியாது. ‘கொலைக்கு உடந்தை’, ‘கடத்தலுக்கு உடந்தை’ என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிற சொல் அது. சோதனை ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்ற கேள்விக்கே அவள் போகவில்லை. சொல் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தாளைத் திருத்தியபோது தலைகுனிந்தேன், சொல் நான் கொடுத்தது.

கையாள் என்பதும் இழிவுதான். 1962-இல் ஷாக்டர், சிங்கர் என்ற உளவியலாளர்கள் உணர்ச்சி பற்றிய தங்கள் கட்டுரையில் இப்படிப்பட்ட ஆளை ஸ்டூஜ் என்றே எழுதினார்கள், கையாள் அதற்கு நேராக நிற்கும். கூட்டாளி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இலங்கையிலும் மலேசியாவிலும் கூட்டாளி என்றால் நண்பன். யாழ்ப்பாணத்து மாணவர் இந்தப் பாடத்தைப் படித்தால் பொருளே திரிந்துவிடும்.

மருத்துவர் ஐயா சொன்ன உள்ளாள் நல்ல பேச்சுத் தமிழ். ஆனால் “உள்ளாள் இல்லாம இந்தத் திருட்டு நடந்திருக்காது” என்றுதான் தெருவில் பேசுகிறோம். திரும்பவும் அதே காவல் நிலையம்.

போலிப் பங்கேற்பாளர் பற்றிக் கனடா அக்கா எழுதியது:

> நன்னூலில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி இருக்கிறதே. போலி என்றால் அங்கே ஏமாற்று இல்லை, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று நிற்பதுதானே?

அக்கா, இலக்கணப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பதினெட்டு வயது மாணவருக்குப் போலி என்றதும் போலி மருத்துவரும் போலிச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். நன்னூல் வராது.

அதற்காக, நடப்பதை மூடி மறைக்கிற சொல்லும் வேண்டாம். ‘ஆய்வுத் துணைவர்’ என்று பட்டும் படாமலும் வைத்தால், பங்கேற்பாளரிடம் உண்மை மறைக்கப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும். அதுவும் நேர்மையில்லை. குற்றவாளி ஆக்காமல், ஆனால் நடப்பது நடிப்பு என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படித் தேடியபோது கிடைத்தது ‘புனை’. புனைபெயர் வைத்து எழுதுகிறவரை யாரும் மோசடிக்காரர் என்பதில்லை. புனைகதை பொய் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. வேடம் புனைந்தார் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். பங்கேற்பாளர் என்ற வேடத்தைப் புனைந்தவர் புனைபங்கேற்பாளர். வேடம் என்பதும் தெரிகிறது, எந்த வேடம் என்பதும் தெரிகிறது.

“லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட புகைச் சோதனையில் கான்ஃபெடரேட்கள் சும்மாதானே உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் நடிப்பா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் நடிப்புத்தான். பங்கேற்பாளர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத இரண்டு புனைபங்கேற்பாளர்கள் பக்கத்தில் இருந்தபோது பத்துப் பேரில் ஒருவர்தான் சொன்னார். புகையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கி மறுபடியும் படிவத்தை நிரப்புவது, அதுதான் அந்த இருவருக்குக் கொடுத்த பாத்திரம். இவர்களை எதற்கு உடந்தை என்பது?

முழுச் சொல்லைவிட இந்த முன்னொட்டுத்தான் நமக்குப் பெரிய லாபம் என்று மில்கிராம் பாடத்தை மொழிபெயர்க்கும்போது புரிந்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை அது. நினைவாற்றல், கற்றல் பற்றிய ஆய்வு என்று சொல்லி ஆட்களை வரவழைத்தார்கள். அப்படிச் சொல்லப்படும் காரணத்துக்குப் புனைகாரணம். மாணவர் விடை தவறும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு பெட்டியின் விசையை அழுத்தி அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டெடுப்பு நடக்கும். இரண்டு சீட்டிலும் ‘ஆசிரியர்’ என்றே எழுதியிருக்கும். நாற்பத்தேழு வயதுக் கணக்காளர் ஒருவர் தன் சீட்டைப் பார்த்து, “மாணவர்” என்பார். அவர் புனைபங்கேற்பாளர். அந்தச் சீட்டெடுப்பு புனைகுலுக்கல். சாம்பல் நிற மேலங்கியில் நின்று “தொடருங்கள்” என்று சொன்னவரும் உண்மையில் உயிரியல் ஆசிரியர்தான். பங்கேற்பாளர் வேடம் போடாத அவரைப் புனைபங்கேற்பாளர் என்று சொல்ல முடியாது. புனை ஆய்வாளர் என்றால் சரியாகப் பொருந்துகிறது. 450 வோல்ட் வரை 30 விசைகள் கொண்ட பெட்டி புனைகருவி. நம்ப வைப்பதற்காகப் பங்கேற்பாளருக்கே கொடுத்துக் காட்டிய 45 வோல்ட் ஒன்றுதான் அங்கே நிஜமான அதிர்ச்சி. 1963 கட்டுரையில் 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள்.

டார்லியும் லட்டானேயும் அதே 1968-இல் வெளியிட்ட வலிப்புச் சோதனையில் இன்னொரு சிக்கல். பங்கேற்பாளர் தனி அறையில் இருக்கிறார், மற்றவர்களின் குரல் மட்டும் காதில் மாட்டிய ஒலிக்கருவியில் கேட்கிறது. ஆனால் மற்றவர்கள் என்று யாருமே இல்லை, எல்லாம் ஒலிநாடா. ‘ஆள்’ என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே நிற்காது. புனைகுரல் நிற்கும். வலிப்பு வந்தவர் தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு முடிவதற்குள் உதவி கேட்டு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான். அந்த நான்கு பேரும் நாடாவில் இருந்த குரல்கள்.

சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்ல வேண்டும். மில்கிராம் அதை டீஹோக்ஸ் என்றார். முடிச்சை அவிழ்க்கிறோம், புதிரை அவிழ்க்கிறோம், அதைப் போல இது புனைவு அவிழ்ப்பு. டீப்ரீஃபிங் இதைவிட அகலம். ஆய்வின் நோக்கத்தைச் சொல்வது, வந்தவர் கலங்கிய மனதோடு வீடு திரும்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். அதற்குப் பின்விளக்கம் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், உண்மையைச் சொன்னதோடு கடமை முடிந்தது என்று ஆகிவிடும்.

சொல் நீளம் என்று இரண்டு பேர் குறைப்பட்டார்கள். ‘புனையாள்’ என்று சுருக்கலாமா என்று நானும் பார்த்தேன். ‘அவள் புனைய மாட்டாள்’ என்று எதிர்மறையாகப் படிக்க இடம் கொடுக்கிறது. புனைவர் என்றால் கதை எழுதுகிறவர் என்றாகிவிடும். நீளமாகவே இருக்கட்டும். பங்கேற்பாளர் மாணவர்களுக்குப் பழகிய சொல், முன்னால் இரண்டெழுத்துத்தான் கூடுகிறது.

ஒற்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். புனைபெயர் போல இதுவும் வினைத்தொகை, அதனால் வல்லினம் மிகாது. புனைப்பெயர் என்று தவறாக எழுதிப் பழகியவர்கள் இங்கேயும் ‘ப்’ போட்டுவிடுவார்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் நண்பர் புனைபங்கேற்பாளர், புனைகாரணம், புனைகுலுக்கல், புனைகருவி, புனைகுரல் எல்லாவற்றையும் ஒற்று இல்லாமல் ஏற்ற வேண்டுகிறேன். புனை ஆய்வாளர் மட்டும் பிரிந்தே இருக்கட்டும், ‘புனையாய்வாளர்’ என்று சேர்த்தால் படிக்கத் தடுக்கிறது.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பாடம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.