மனேயின் நீர்வண்ணப் பந்தய ஓவியத்தில் குதிரைகளின் கால்கள் எங்கே?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மனே, பாரிசின் லோன்ஷாம் மைதானத்துப் பந்தயத்தை 1864இல் நீர்வண்ணத்தில் தீட்டினார். ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தைப் பார்த்து ஒரு மாதமாகப் படியெடுத்து வருகிறேன். இடப்பக்கம் வண்டிகளும் கூட்டமும் நிற்க, குதிரைகள் நம்மை நோக்கி நேராகப் பாய்ந்து வருகின்றன. ஆனால் கால்களைத் தேடினால் சில கறைகளே அகப்படுகின்றன. நான் ஒவ்வொரு காலையும் பென்சிலால் திருத்தமாக வரைந்து வண்ணமிட்டால், குதிரைகள் லாயத்தில் நிற்பவைபோல் ஆகிவிடுகின்றன. பிழை என் கையிலா, குதிரையின் உடலமைப்பை நான் அறியாததிலா?

மறுமொழி 1:
அறியாததில் அன்று, அறிந்ததையெல்லாம் வரைந்துவிடுவதில்தான். எதிரே ஓடிவரும் குதிரையில் கண்ணுக்குப் பிடிபடுபவை தலை, மார்பு, சவாரிக்காரரின் சட்டை நிறம் ஆகியவையே. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தைப் பக்கவாட்டில் தீட்டியபோது, முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னுமாக நீட்டிக் குதிரைகளைப் பறக்கவிட்டார். பாயும் குதிரையின் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் குவிந்திருக்கும்போதுதான் என்பதை ஒளிப்படக் கலைஞர் மைபிரிட்ஜின் 1878ஆம் ஆண்டு ஒளிப்படங்கள் காட்டின. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே மனே நேரெதிர்க் கோணத்தைத் தேர்ந்ததால், அந்தச் சிக்கலே அவருக்கு எழவில்லை என்பது என் கருத்து.

மறுமொழி 2:
கோணம் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். குதிரைகளுக்குக் கீழுள்ள பகுதியை முதலில் நனைத்து, காவி மஞ்சளை மிகவும் நீர்க்கக் கலந்து புழுதியாகப் பரப்புங்கள். தாளின் மினுமினுப்பு அடங்கி ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும்போது, கரும்பழுப்பை முழங்காலில் தொடங்கிக் கீழே இழுத்து விட்டுவிட்டால், குளம்புகள் தாமாகவே புழுதிக்குள் கரையும். தலையையும் சட்டையையும் தாள் நன்கு உலர்ந்த பிறகே தொடுங்கள். வேலியையும் கம்பங்களையும் மட்டும் கூரிய கோடுகளாக வரையுங்கள். அசையாத ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டம் தெரியும். மனே ஒளிபுகாத குவாஷ் வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டவர் என்பதால், வெள்ளைத் தீற்றல் ஒன்றிரண்டு இடுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று மூன்று தாள்களில் முயன்றேன். முதலிரண்டிலும் ஈரம் அதிகமாகிக் குதிரைகளே கரைந்துபோயின. மூன்றாவதில் முன்னால் வரும் குதிரை ஓடுகிறது. பின்னால் வருவது இன்னும் லாயத்தில்தான் நிற்கிறது.